பத்துப் பேரும் கெட்டிக்காரர்கள். கிண்ணம் மட்டும் ஏன் கைநழுவுகிறது?

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தும் ரசிகர்களின் எதிர்பார்ப்பும்

அமெரிக்காவில் கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் 2025-26 பருவம் 2025 நவம்பரில் தொடங்கியது. பருவம் தொடங்குவதற்கு முன் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட தரவரிசையில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் முதலிடத்திலும் சவுத் கரோலைனா பல்கலைக்கழகம் இரண்டாம் இடத்திலும் இருந்தன. 2025 ஏப்ரல் மாதம் இறுதியாட்டத்தில் மோதியவையும் இதே இரண்டு அணிகள்தான். அதில் கனெக்டிகட் 82-59 என்று வென்றது. மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி அது திங்கட்கிழமை விடியற்காலை.

தோற்ற சவுத் கரோலைனாவின் கணக்கைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் 35 ஆட்டங்களில் வெற்றி, 4 ஆட்டங்களில் தோல்வி. நாட்டில் 350-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடும் முதல் பிரிவில் இரண்டாம் இடம். வேறு எந்த அணியாக இருந்தாலும் ஊர்வலம் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். ஆனால், அந்த அணியின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை ஒரு சறுக்கலாகவே பேசினார்கள். காரணம், அதற்கு முந்தைய பருவத்தில் அதே அணி 38 ஆட்டங்களில் 38 வெற்றி பெற்றுச் சாம்பியன் ஆகியிருந்தது.

வீட்டில் ஒரு பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கும் என்று ஊரே முடிவு செய்துவிட்டால், ஒரு பாடத்தில் பி வந்த அன்று வீடு துக்க வீடாகிவிடும். மீதி எட்டு ஏ யார் கண்ணிலும் படாது. திறமை நிறைந்த ஓர் அணிக்கும் நடப்பது இதுதான். இந்த எதிர்பார்ப்பு நியாயமானதா? அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கடந்த சில பருவங்களின் ஆட்ட விவரங்களே இதற்குப் போதிய பதில் தருகின்றன.

பெண்கள் அணியில் மட்டும் இவ்வளவு திறமை குவிவது எப்படி?

ஆண்கள் கூடைப்பந்தில் மிகச் சிறந்த இளைஞர் ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டு என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டிக்குப் போய்விடுகிறார். பெண்களுக்கு அந்த வழி அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுக்கு அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் பெயர் கொடுக்க வேண்டுமானால், அந்த ஆண்டில் அவருக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும். அல்லது பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும். அதனால் நாட்டின் தலைசிறந்த பெண்கள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் கல்லூரியிலேயே ஆடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு டபிள்யூ.என்.பி.ஏ.வில் இருந்தவை 13 அணிகள். ஓர் அணிக்கு அதிகம் போனால் 12 பேர். மொத்தமே 150 சொச்சம் இடங்கள்தான். ஆகவே கல்லூரிக் களம் பெண்களுக்கு வெறும் படிக்கட்டு அல்ல. பலருக்கு அதுவே வாழ்க்கையின் மிகப் பெரிய மேடை.

நான்கு ஆண்டுகள் ஒரே அணியைப் பார்க்கும் ரசிகர்களும் அந்தப் பெண்களைச் சொந்தப் பிள்ளைகளாகவே எண்ணத் தொடங்குகிறார்கள். முதலாண்டு மாணவியாக வந்தபோது எப்படி ஆடினார், எந்த ஆட்டத்தில் காயம் பட்டார், யாரோடு நட்பு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இந்த நெருக்கம்தான் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தின் பலம். எதிர்பார்ப்பு எல்லை மீறும்போது ஆட்டக்காரர்களைக் காயப்படுத்துவதும் அதே நெருக்கம்தான்.

பத்து வெற்றியில் தொடங்கிய அணி

சவுத் கரோலைனாவின் பயிற்றுநர் டான் ஸ்டேலி. பிலடெல்பியாவில் பிறந்தவர். ஆட்டக்காரராக 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க மகளிர் அணிக்குப் பயிற்றுநராகவும் இருந்தார். அவர் 2008இல் சவுத் கரோலைனாவுக்கு வந்தபோது, முதல் பருவத்தில் கிடைத்தது 10 வெற்றி, 18 தோல்வி. அரங்கில் பெரும்பாலான நாற்காலிகள் காலியாகக் கிடந்த காலம் அது.

உள்ளூர்ப் பெண்ணான ஏஜா வில்சன் 2014இல் சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. 2017இல் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 67-55 என்று வென்று முதல் சாம்பியன் பட்டம் கிடைத்தது. அரங்கத்தின் வெளியே இன்று ஏஜா வில்சனின் சிலை நிற்கிறது. 18,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கம், 2014-15 பருவம் தொடங்கி மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் நாட்டிலேயே அதிக ரசிகர்களை ஈர்க்கும் அரங்கங்களில் முன்னணியில் இருந்து வருகிறது. சவுத் கரோலைனா மாநிலத்தில் என்.பி.ஏ. அணி கிடையாது, என்.எஃப்.எல். அணியும் கிடையாது. கொலம்பியா நகரத்து மக்களுக்குப் பெருமைப்பட இந்த மாணவிகள் அணி கிடைத்தது. கறுப்பின மக்கள் கணிசமாக வாழும் மாநிலத்தில், கறுப்பினப் பெண் ஒருவர் தலைமையேற்று நடத்தும் அணி இது என்பதும் அந்தப் பெருமையில் சேர்ந்துள்ளது.

2019இல் நாட்டின் முதல் தர மாணவிகள் ஒரே நேரத்தில் இங்கே சேர்ந்தார்கள். அலியா பாஸ்டன், ஸியா குக், பிரியா பீல், லெட்டிஷியா அமிஹெரே ஆகியோர் அந்தத் தொகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களின் நான்கு ஆண்டுக் கணக்கு 129 வெற்றி, 9 தோல்வி. இதைவிட ஒரு ரசிகர் வேறென்ன கேட்க முடியும்?

ஆனால் பட்டங்கள் எத்தனை? ஒன்றே ஒன்று.

முதல் ஆண்டு 32 வெற்றி, ஒரு தோல்வி என்று முதலிடத்தில் இருந்தபோது கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் தேசியப் போட்டியே ரத்தானது. 2021இல் அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் 66-65 என்று ஒரே புள்ளியில் தோல்வி. கடைசி வினாடியில் பாஸ்டன் தட்டிய பந்து வளையத்துக்குள் இறங்கவில்லை. அவர் அழும் படம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. 2022இல் கனெக்டிகட்டை 64-49 என்று வென்று பட்டம் கிடைத்தது. அதுவரை கனெக்டிகட் தான் ஆடிய 11 இறுதியாட்டங்களிலும் தோற்றதே இல்லை. பிறகு வந்தது 2023.

36 வெற்றிக்குப் பின் ஓர் இரவு

2022-23 பருவத்தில் சவுத் கரோலைனா 36 ஆட்டங்களிலும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அணியில் ஆடும் ஐவர் ஒரு பக்கம். அவர்களுக்கு மாற்றாக உட்கார்ந்திருக்கும் ஐவரும் வேறு பல்கலைக்கழகத்தில் முதல் ஐவராக ஆடக்கூடியவர்கள். கிண்ணத்தில் பெயர் பொறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று பேச்சு.

எதிரே ஐயோவா. அங்கே கெய்ட்லின் கிளார்க் என்ற ஒருவர். அன்று அவர் மட்டும் 41 புள்ளிகள் எடுத்தார். ஐயோவா 77-73 என்று வென்றது.

அந்தத் தோல்வியில் ஆட்ட நுணுக்கம் ஒன்று இருந்தது. ஐயோவாவின் தற்காப்பு வளையத்தின் அருகே கூட்டமாக நின்றுகொண்டது. வெளியே நின்ற சவுத் கரோலைனா ஆட்டக்காரர்களை, 'முடிந்தால் தூரத்திலிருந்து வீசிப் பார்' என்று விட்டுவிட்டது. அன்று சவுத் கரோலைனா வீசிய 20 மூன்று புள்ளி வீச்சுகளில் உள்ளே போனவை 4 மட்டுமே. ரேவன் ஜான்சன் பந்தோடு வெளியே நின்றபோது, கிளார்க் அவரைத் தடுக்க வராமல் கையை அசைத்து ஒதுக்கிவிட்டுப் போன காட்சி நாடு முழுவதும் பரவியது. அதன் பிறகு கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று எண்ணியதாக ஜான்சன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்தத் தோல்வி அணியிலிருந்து ஐந்து பேர் அடுத்த சில நாள்களில் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார்கள். பாஸ்டன் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்வு செய்யப்பட்டார். ஆக, திறமையைப் பற்றிய ரசிகர்களின் கணிப்பு தவறவில்லை. திறமை இருந்தால் கிண்ணம் தானாக வரும் என்ற கணிப்புதான் தவறியது.

எதிர்பார்க்காத ஆண்டில் 38-0

ஐவரும் போய்விட்டார்கள். 2023-24 பருவத்துக்கு முன் சவுத் கரோலைனாவைத் தரவரிசையில் ஆறாம் இடத்தில் வைத்தார்கள். 'இது வளரும் ஆண்டு, பொறுமையாகப் பார்ப்போம்' என்று ரசிகர்களும் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். பாரிஸ் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் நோட்டர் டேம் அணியை 100-71 என்று வென்றதிலிருந்து, அந்த அணி யாரிடமும் தோற்கவில்லை. 2024 ஏப்ரல் 7ஆம் தேதி கிளீவ்லண்டில் அதே ஐயோவாவை 87-75 என்று வென்று சாம்பியன் ஆனது.

அந்த இறுதியாட்டத்தில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கியவர்கள் எடுத்த புள்ளிகள்: சவுத் கரோலைனாவுக்கு 37, ஐயோவாவுக்குச் சுழியம். முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் மாற்று ஆட்டக்காரராக வந்து 19 புள்ளிகள் எடுத்தார். பிரேசில் நாட்டைச் சேர்ந்த கமிலா கார்டோசோ 15 புள்ளிகளோடு வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 17ஐக் கைப்பற்றினார். முந்தைய ஆண்டு கையசைத்து ஒதுக்கப்பட்ட ரேவன் ஜான்சன், கிளார்க்கை விடாமல் துரத்தித் தடுத்தவர்களில் முக்கியமானவர். ஆழமான அணியின் பலன் அன்று முழுமையாகத் தெரிந்தது.

ஆயினும் அந்த 38-0 கூட நூலிழையில் தொங்கியது. மாநாட்டுப் போட்டியின் அரையிறுதியில் டென்னசியிடம் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கார்டோசோ கடைசி வினாடியில் வீசிய மூன்று புள்ளி வீச்சு பலகையில் பட்டு உள்ளே இறங்கியது. 74-73. தம் கல்லூரி வாழ்க்கையில் அவர் போட்ட முதல் மூன்று புள்ளி அது. அந்தப் பந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால், 'தோல்வியே காணாத அணி' என்ற பெயர் இருந்திருக்காது. அணியின் திறமை அப்போதும் அதே திறமையாகத்தான் இருந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

தேசியப் போட்டிக்கு 68 அணிகள் தேர்வாகின்றன. ஒரு தோல்வி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பலமான அணி சாம்பியன் ஆவதற்கு அடுத்தடுத்து ஆறு ஆட்டங்களில் வெல்ல வேண்டும்.

ஓர் அணி எந்த ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அது மிகப் பெரிய பலம். அப்படிப்பட்ட அணி ஆறு ஆட்டங்களையும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? 53 விழுக்காடுதான். ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போல. வாய்ப்பை 95 விழுக்காடாக உயர்த்தினாலும் கிண்ணம் கிடைக்கும் வாய்ப்பு 74 விழுக்காட்டை எட்டாது.

உண்மையில் எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் இரண்டு ஆட்டங்கள் எளிது. 99 விழுக்காடு என்று வைப்போம். அடுத்த இரண்டு 90 விழுக்காடு. அரையிறுதியும் இறுதியும் சம பலமுள்ள அணிகளோடு. அங்கே 75 விழுக்காடு கொடுத்தாலே தாராளம். பெருக்கிப் பார்த்தால் வருவது சுமார் 45 விழுக்காடு. அதாவது, எல்லாரையும்விட மேலான அணிகூடப் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அழுதுகொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

சவுத் கரோலைனா 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. அதில் பட்டம் வென்றது இரண்டு முறை. மேலே போட்ட எளிய கணக்குக்கு இது மிக நெருக்கமாக இருக்கிறது. 'ஐந்தும் கிடைத்திருக்க வேண்டும்' என்று எதிர்பார்ப்பவர் விளையாட்டின் இயல்பையே மறந்துவிடுகிறார்.

இருநூறு நிமிடங்களை எப்படிப் பங்கிடுவது?

ஆழமான அணிக்கு இன்னொரு சிக்கல் உள்ளிருந்தே வருகிறது. ஓர் ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஒரு நேரத்தில் ஐவர். மொத்தம் 200 நிமிடங்கள். பத்துப் பேர் திறமைசாலிகளாக இருந்தால் ஆளுக்கு 20 நிமிடம். உயர்நிலைப் பள்ளியில் முழு ஆட்டத்தையும் தானே நடத்திய ஒரு பெண், இங்கே பாதி ஆட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரசிகருக்கு இது கொண்டாட்டம். பயிற்றுநருக்குத் தலைவலி. அந்தப் பெண்ணுக்கு இது எதிர்காலம் பற்றிய கேள்வி. களத்தில் தெரிந்தால்தான் தொழில்முறை அணிகளின் கண்ணில் படலாம். விளம்பர வருமானமும் வரும். முன்பெல்லாம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021இல் அந்த விதி தளர்ந்தது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது.

மிலேஷியா ஃபுல்வைலி இதற்கு நல்ல உதாரணம். கொலம்பியா நகரத்துப் பெண். சொந்த ஊர் ரசிகர்களின் செல்லப் பிள்ளை. 2024-25 பருவத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தம் மாநாட்டின் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். ஆனால் சராசரியாகப் பாதி ஆட்டத்துக்கும் குறைவாகவே அவருக்குக் களம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அவர் எல்.எஸ்.யூ. என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அதுவும் அதே மாநாட்டில் ஆடும் போட்டி அணி. ஊர் அதிர்ந்தது. சிலர் துரோகம் என்றார்கள். ஆனால் வேலையிடத்தில் ஒருவர் இன்னும் நல்ல வாய்ப்பு தேடிப் போனால் நாம் அதைத் துரோகம் என்று சொல்வதில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு மட்டும் அந்தச் சொல்லை ஏன் சூட்ட வேண்டும்?

பெயர்களைக் கூட்டினால் அணி ஆகாது

இதன் மறுபக்கத்தைக் காட்டியது அதே எல்.எஸ்.யூ. 2023இல் சாம்பியன் ஆன அந்த அணி, அடுத்த பருவத்துக்கு லூயிவில்லிலிருந்து ஹேலி வான் லித், டிபால் பல்கலைக்கழகத்திலிருந்து அனீசா மோரோ ஆகிய இரண்டு நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டது. ஏஞ்சல் ரீஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் முதலிடம். இதுபோல் ஓர் அணி உண்டா என்று பேசினார்கள். முதல் ஆட்டத்திலேயே கொலராடோவிடம் 92-78 என்று தோற்றது. கடைசியில், அரையிறுதிக்கு ஒரு படி முன்னால் ஐயோவாவிடம் 94-87 என்று வெளியேறியது.

வான் லித் புள்ளி குவிப்பதில் பழகியவர். எல்.எஸ்.யூ.வில் அவர் பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுத்து ஆட்டத்தை நடத்தும் இடத்தில் நிறுத்தப்பட்டார். பழகாத வேலை. விமர்சனம் குவிந்தது. அவர் அடுத்து டி.சி.யூ. பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2025இல் அந்த அணியை அதன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாகக் கொண்டுவந்தார். அதே பெண், அதே திறமை. இடம் பொருந்தியதும் ஆட்டம் மாறியது. நல்ல பெயர்களை ஒரே தாளில் எழுதிவிட்டால் அது அணி ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கனெக்டிகட் ரசிகர்களின் ஒன்பது ஆண்டுகள்

எதிர்பார்ப்பின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கனெக்டிகட்டைப் பார்க்க வேண்டும். 1985 முதல் பயிற்றுநராக இருக்கும் ஜீனோ ஒரியெம்மா 12 தேசியப் பட்டங்களை வென்றிருக்கிறார். 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு. ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 111 ஆட்டங்களில் வெற்றி. 2017 அரையிறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் அணி கூடுதல் நேரத்தின் கடைசி வினாடியில் 66-64 என்று அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

அதன் பிறகு ஆறு போட்டிகள் நடந்தும் பட்டம் கிடைக்கவில்லை. இடையில் 2020இல் போட்டியே நடக்கவில்லை. ஆனாலும், 2008 முதல் 2022 வரை நடந்த 14 தேசியப் போட்டிகளிலும் கனெக்டிகட் கடைசி நான்கில் ஒன்றாக வந்தது. மற்ற பல்கலைக்கழகங்கள் ஒரு முறை அங்கே போனாலே சுவரில் பதாகை தொங்கவிடும். கனெக்டிகட் ரசிகர்களுக்கோ அது 'இந்த ஆண்டும் வெறுங்கையோடு வந்தார்கள்' என்ற புலம்பல்.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு என்ன நடந்தது? அணியின் பெரும் நட்சத்திரமான பெய்ஜ் பக்கர்ஸ் 2021 டிசம்பரில் முழங்காலில் காயம்பட்டார். 2022 ஆகஸ்டில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. ஏஸி ஃபட் 2023 நவம்பரில் அதே வகைக் காயத்தால் பருவத்தை இழந்தார். தாளில் ஆழமாகத் தெரிந்த அணி, சில ஆட்டங்களில் ஆள் பற்றாமல் திணறியது.

2025இல் கனெக்டிகட் முதல் தர வரிசையில் வைக்கப்படவில்லை. இரண்டாம் தர அணியாகத்தான் போட்டிக்குள் நுழைந்தது. அரையிறுதியில், போட்டியின் முதல்நிலை அணியான யூ.சி.எல்.ஏ.வை 85-51 என்று சிதறடித்தது. இறுதியில் ஃபட் 24 புள்ளிகள், முதலாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் 24 புள்ளிகள், பக்கர்ஸ் 17 புள்ளிகள். ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. எல்லாரும் நல்ல உடல்நிலையோடு சரியான மாதத்தில் ஒன்றாகக் களமிறங்கிய போதுதான் அது நடந்தது.

எதிர்பார்ப்பு வசையாக மாறும்போது

இதுவரை சொன்னது விளையாட்டு. இனி வருவது அதற்கு வெளியே உள்ளது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைப்பேசியிலேயே பந்தயம் கட்டலாம். அணி வெல்லுமா என்பதற்கு மட்டுமல்ல. ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதற்கும் பணம் கட்டும் வசதி பல இடங்களில் உண்டு. அந்தப் பெண் இரண்டு புள்ளி குறைவாக எடுத்தால், பணத்தை இழந்தவர் நேராக அவரது சமூக ஊடகப் பக்கத்துக்கே போய் வசைபாடுகிறார். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2024இல் வெளியிட்ட ஆய்வு, தேசியப் போட்டிகளை ஒட்டி 5,000-க்கும் மேற்பட்ட வசைப் பதிவுகளை உறுதி செய்தது. கூடைப்பந்தில் பெண்களுக்கு வந்த மிரட்டல்கள் ஆண்களுக்கு வந்தவற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு என்றும் அது காட்டியது.

2024 ஏப்ரலில் ஐயோவாவிடம் தோற்ற பிறகு ஏஞ்சல் ரீஸ் செய்தியாளர்கள் முன் கண்ணீர் விட்டார். முந்தைய ஆண்டு பட்டம் வென்றதிலிருந்தே தமக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக அவர் சொன்னார். கவனியுங்கள், வென்ற பிறகும் வசை; தோற்ற பிறகும் வசை.

'இப்போது அவர்களுக்குப் பணம் கிடைக்கிறதே, விமர்சனத்தையும் தாங்கட்டும்' என்று ஒரு வாதம் உண்டு. அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே தங்கள் வருமானத்திலிருந்து மாணவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2025-26இல் அதன் உச்ச வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். டான் ஸ்டேலிக்கு 2025 ஒப்பந்தப்படி ஆண்டுச் சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர். டிக்கெட் வாங்கி அரங்கை நிரப்பும் ரசிகர், 'ஏன் தூரத்திலிருந்து வீசும் ஆள் இல்லை? ஏன் அந்த நேரத்தில் ஆட்டக்காரரை மாற்றவில்லை?' என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். பெண்கள் விளையாட்டைப் பெரிய விளையாட்டாக மதிப்பதன் அடையாளம் அது. தோற்றாலும் 'பாவம், நன்றாக ஆடினார்கள்' என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது மரியாதை அல்ல.

ஆனால் ஆட்டத்தை விமர்சிப்பது வேறு, ஆளை வதைப்பது வேறு. முதலாவதற்கு ஆட்டத்தைப் பற்றிய அறிவு வேண்டும். இரண்டாவதற்குக் கைப்பேசி ஒன்றே போதும்.

எதை எதிர்பார்ப்பது நியாயம்?

திறமை நிறைந்த அணியிடம் எதிர்பார்க்கவே கூடாது என்று சொல்வது பொருளற்றது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் அரங்கம் காலியாகத்தான் இருக்கும். 2008இல் கொலம்பியாவில் இருந்த நிலை அதுதான். கேள்வி, எதை எதிர்பார்ப்பது என்பதே.

பருவம் முழுவதும் நல்ல தற்காப்பு, பந்தைப் பகிர்ந்து ஆடுவது, ஒவ்வோர் ஆண்டும் கடைசிச் சுற்றுகளில் போராடும் தகுதி, முதலாண்டில் தடுமாறிய பெண் மூன்றாம் ஆண்டில் தேறி நிற்பது ஆகியவை பயிற்றுநரின் கையில் இருப்பவை. இவற்றைக் கண்டிப்பாக எதிர்பார்க்கலாம். இவை இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். ஏப்ரல் மாதத்து ஓர் இரவில் கடைசிப் பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்பது யார் கையிலும் இல்லை. அதற்கு மட்டும் உத்தரவாதம் கேட்கக் கூடாது.

2025-26 பருவத்திலும் சவுத் கரோலைனா புதிய பெயர்களோடு வந்தது. 2024-25 பருவத்தில் நாட்டிலேயே சராசரியாக அதிகப் புள்ளிகள் எடுத்த டனையா லாட்சன், ஃபுளோரிடா ஸ்டேட்டிலிருந்து வந்தார். அதே வேளையில் க்ளோயி கிட்ஸ் முழங்கால் காயத்தால் பருவம் தொடங்கும் முன்பே வெளியேறிவிட்டார். கனெக்டிகட்டில் அப்போது பக்கர்ஸ் இல்லை. ஃபட், ஸ்ட்ராங் இருவரும் இருந்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே இரு ஊர் ரசிகர்களும் கிண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

சவுத் கரோலைனாவில் ரேவன் ஜான்சனும் அந்தக் கடைசிப் பருவத்துக்காகத் திரும்பினார். 2022இலும் 2024இலும் சாம்பியன் அணியில் இருந்தவர். 2023இல் நாடே பார்த்து நகைத்தவர். 2025இல் இறுதியாட்டத்தில் தோற்றவர். இந்த நான்கில் எந்த ஒன்றை மட்டும் வைத்து அவரை அளந்தாலும் அளவு தவறிப்போகும். நான்கையும் சேர்த்துப் பார்க்கும் பொறுமை ரசிகர்களுக்கு இருக்குமா என்பதே கேள்வி.